இடுப்பு பெல்ட்டும் பேஸ் கிற்றாரும்: மட்டக்களப்பில் ஒரு கச்சேரி

வியாழன், இரவு: கொழும்புக் கோட்டையிலிருந்து கல்லடி

முதலில் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பதிவுகளில் நான் ஏன் எந்நேரமும் எழுந்து நிற்கிறேன் என்று விளங்காது. முள்ளந்தண்டின் அடியில் ஒரு டிஸ்க் பிதுங்கி இடது கால் நரம்பை நெரிக்கிறது. சியாட்டிகா. வலி புட்டத்தில் தொடங்கும், தொடையின் பின்பக்கமாக இறங்கும், கெண்டைக்கால் வழியாகப் போய் சுண்டுவிரலில் நிற்கும். ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுக்கும் முன்பே டொக்டர் கேட்டார்: "விறைக்கிறது பெருவிரலா, சுண்டுவிரலா?" சுண்டுவிரல் என்றால் பெரும்பாலும் ஆகக் கடைசி டிஸ்க், பெருவிரல் என்றால் அதற்கு மேலே உள்ளது. என்னுடையது ஆகக் கடைசி.

இந்த வருத்தத்தின் குணம் என்னவென்றால் நடந்தால் பரவாயில்லை, நின்றால் சமாளிக்கலாம், உட்கார்ந்தால்தான் எரிச்சல். நிற்கும்போது உள்ளதைவிட உட்காரும்போதுதான் டிஸ்க்கில் அழுத்தம் கூட. அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவளுக்கு இது வந்தால் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். படுத்தே கிடந்தால் மாறும் என்பது பழைய வைத்தியம். இப்போது முடிந்தளவு நட என்கிறார்கள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் 300 கிலோமீற்றருக்கு மேல் ரயிலில் வந்திருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் பிள்ளை சொன்ன நடை இதுவல்ல என்று எனக்கும் தெரியும்.

வந்தது ஒரு இசைக்குழுவின் கச்சேரிக்கு. பெயரைப் போட மாட்டேன். போட்டால் "அவங்க முந்தி மாதிரி இல்ல" என்று கீழே ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். ஆட்கள் கிழக்கு மாகாணத்துக்காரர். பேஸ் கிற்றார், டிரம்ஸ் இரண்டோடும் கூத்து மத்தளத்தையும் சல்லரி என்ற கைத்தாளத்தையும் சேர்த்து, வயற்காவலில் பாடுகிற மட்டக்களப்புக் கவிகளைப் பாடுவார்கள். கொழும்பில் அவர்கள் வந்தபோதெல்லாம் எனக்கு ஏதாவது ஒன்று குறுக்கே நின்றது. இந்த முறை குறுக்கே நின்றது என் இடுப்புத்தான். அதைக் கூட்டிக்கொண்டே வருவது என்று முடிவு.

நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன். மாகோ வரை இருந்தும் நின்றும் சமாளித்தேன், பிறகு கதவோரத்துக்கே குடிபெயர்ந்தேன். இறால் வடைக்காரர் ஒவ்வொரு முறையும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். கடைசியில் அவரே கூடையை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். நின்றுகொண்டு வருகிற பொம்பிளையைக் கண்டால் எங்கள் சனத்துக்குப் பொறுக்காது. ஏன் இருக்கவில்லை என்று கேட்பார்கள், பதில் சொன்னால் மருந்து சொல்வார்கள். வேப்பெண்ணெய், நொச்சி ஒத்தணம், பொலநறுவைப் பக்கம் ஒரு முறிவு வைத்தியர். ஒரு ஐயா தன் மனைவியின் பெல்ட்டையே தருகிறேன் என்றார். மனைவி முழித்துக்கொண்டு இருந்தார்.

கல்லோயா சந்தியில் திருகோணமலைப் பாதை பிரிந்து போகிறது. அதை அண்டிய காடெல்லாம் யானைகள் தண்டவாளம் கடக்கிற இடம். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ரயில் மோதி 6 யானைகள் செத்தது ஞாபகம் இருக்கும். எங்கள் ரயில் பகலில் வந்தது, யானை ஒன்றும் கண்ணில் படவில்லை. மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே அந்தப் பழைய இரும்புப் பாலம். ஒரு காலத்தில் பஸ்ஸும் ரயிலும் இதே பாலத்தில்தான் மாறி மாறிப் போகவேண்டும். 2007இல் வாகனங்களுக்குத் தனிப் பாலம் வந்தது. வெலிக்கந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர், பிறகு மட்டக்களப்பு. பாதை அதோடு சரி. கல்முனை, அக்கரைப்பற்றுக்காரர் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும்.

தம்பி வீடு கல்லடியில். சரியாகச் சொன்னால் மச்சாளின் வீடு. இந்தப் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறவேண்டியதுதான். தம்பி வந்து வருசக்கணக்காகியும் ஆணி அடிக்க மச்சாளிடம் கேட்டுத்தான் அடிக்கிறான். நல்ல வழக்கம்.

வெள்ளி: டிக்கெட்டும் பாலமும்

காலையில் மச்சாள் இடியப்பமும் இறால் சொதியும் வைத்துவிட்டு, "இரிங்க மச்சாள், ஏன் நிண்டு சாப்பிடுறீங்க?" என்றார். விளக்கினேன். "மறுகா எதுக்கு கச்சேரி?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

டிக்கெட் இரண்டு வகை. கதிரை உள்ளது 5000 ரூபா, நிற்கிறது 2000. தம்பியின் மகள் இங்கே அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சங்கீதம் படிக்கிறாள். அவள் சொன்னாள்: "மாமி, கதிரைக்குக் காசு குடுக்காதீங்க. முதல் பாட்டோட முன்னுக்கு உள்ளவங்க எழும்பிருவாங்க. மறுகா நீங்களும் எழும்பத்தான் வேணும்." நான் கேட்கவில்லை. இடையில் இருந்து எழும்பலாம், எழும்பி இருக்கலாம், இரண்டும் கைவசம் இருக்கட்டும் என்று கதிரையே எடுத்தேன். அவளுக்கும் அதே வகை. வேறு வேறு இடத்தில் நின்றால் என்னை யார் தூக்குவது?

பின்னேரம் நடைப்பயிற்சிக்குப் பழைய கல்லடிப் பாலம். 1920களில் கட்டின இரும்புப் பாலம். அப்போதைய ஆளுநரின் மனைவி பெயரில் லேடி மனிங் பாலம் என்று எழுத்தில் இருக்கிறது, யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2013இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்தபிறகு வாகன நெரிசல் எல்லாம் அங்கே போய்விட்டது. இது எங்களைப் போல மெதுவாக நடக்கிறவர்களுக்கு. கச்சான் காற்று பகல் முழுக்க அனலாக அடித்து, அந்தியில் ஒரு மாதிரி அடங்கியிருந்தது. கீழே வாவியில் தோணிகள்.

மீன் பாடுகிற இடம் இதுதான். முழுநிலவு நாட்களில் துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். 1950களில் லாங், மோரன் என்ற இயேசு சபைப் பாதிரியார்கள் அதை ஒலிப்பதிவே செய்தார்கள், இலங்கை வானொலியில் போனது. மீனா, ஊரி என்ற நத்தையா, கற்களுக்கிடையே ஓடுகிற தண்ணீரா என்று இன்றும் வழக்குத் தீரவில்லை. மருமகளிடம் நீ கேட்டிருக்கிறாயா என்றேன். "எங்க மாமி, எப்பவும் யாராவது ஒருத்தர் போன்ல பாட்டுப் போட்டுக்கொண்டு நிப்பார்" என்றாள்.

வரும் வழியில் தமிழறிஞரான சுவாமி விபுலாநந்தரின் சமாதியையும் பார்த்தோம். 1892இல் காரைதீவில் பிறந்தவர். பழந்தமிழர் யாழையும் அதன் கணக்கையும் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்து எழுதிய யாழ் நூல் 1947இல் அரங்கேறியது, அதே ஆண்டில் ஆளும் போய்விட்டார். அந்தக் கடைசிக் காலத்தில் உடம்பு சரியில்லாமல்தான் இருந்தாராம். ஒரு கச்சேரிக்கு வந்துவிட்டு நான் போடுகிற ஆர்ப்பாட்டத்தைச் சமாதிக்கு முன்னால் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

சனி (எழுதுவது ஞாயிறு விடியப்புறம், நித்திரை வரவில்லை)

டிக்கெட்டில் 6.30 என்று போட்டிருந்தது. எட்டரை தாண்டித்தான் முதல் பாட்டு. அதற்கு முன்னால் மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. மைதானம் நிறைந்துவிட்டது. மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா முடிந்த கையோடு என்பதால் வெளியூர்ச் சனமும் ஊரிலேயே நின்றது.

மாத்திரை ஒரு சிக்கல். நரம்புக்குத் தந்த குளிசை எரிச்சலை அடக்கும், ஆனால் தலையைச் சுற்றி நித்திரையைக் கொண்டுவரும். போட்டால் கச்சேரியில் தூங்குவேன், போடாவிட்டால் கால் எரியும். டொக்டரிடம் முன்பே கேட்டிருந்தேன், இரவு வேளையை வீட்டுக்குப் போனபிறகு போடலாம் என்றார். ஆகவே நேற்றுக் கச்சேரி முழுவதும் கலப்படமில்லாத காலோடுதான்.

பிளாஸ்டிக் கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் இருக்கை நடுவில் குழிந்து பின்னால் சரிந்திருக்கும். இடுப்பு அந்தக் குழிக்குள் மடிந்து உட்காரும். எங்களைப் போன்றவர்களை வதைக்கவென்றே ஒருவர் அச்சு வார்த்திருக்கவேண்டும். துவாயைச் சுருட்டி முதுகுக்கு வைத்தேன். பெல்ட்டை இறுக்கினேன். விளக்குகள் அணைந்தன, மத்தளம் தனியாக ஒரு தாளக்கட்டு வாசித்தது, சல்லரி சேர்ந்தது, பிறகு அந்தப் பேஸ் கிற்றார்.

முன்வரிசை எழும்பியது. அடுத்த வரிசை எழும்பியது. எனக்கு முன்னால் இருந்த தம்பி கதிரைக்கு மேலேயே ஏறிவிட்டார். மருமகள் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்கு நல்ல முயற்சி எடுத்தாள். 5000 ரூபாக் கதிரையை ஓரமாக வைத்துவிட்டு நானும் நின்றேன்.

முதல் பாட்டுகளில் வலி போனதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பாட்டு நோவை மாற்றும் என்று எழுதுகிறவர்களுக்கு நோவு வந்ததில்லை என்று நினைக்கிறேன். நடந்தது வேறு. கால் எரிகிறது என்பது தெரியும், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடைக்கவில்லை. ஆடமுடியாதவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மத்தளக்காரர் வலந்தலையை, அதாவது மத்தளத்தின் வலப்பக்கத்தை, குறைத்து, டிரம்ஸுக்கு இடம் விட்டு, டிரம்ஸ் ஓய்ந்ததும் அதே இடத்தில் ஒரு தீர்மானம், அதாவது முடிப்புத் தாளக்கட்டு, வைத்து முடித்தார். வீட்டில் ஒலிப்பதிவில் எத்தனையோ தரம் கேட்டும் அது என் காதில் விழுந்ததில்லை. கூத்துக் களரியில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வாசிக்கிற மத்தளம் இது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர்களை இந்த மைதானத்துக்குக் கூட்டி வந்திருக்கலாம்.

நின்ற இடம் பெரிய பொக்ஸுகளுக்கு நேர் முன்னால். மருமகள் போனில் சத்தம் அளக்கிற செயலியைத் திறந்து காட்டினாள். 101 டெசிபெல். போன் சொல்வது அப்படியே சரியாக இராது, ஆனாலும் 100 டெசிபெல்லில் கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் காதோடு நிற்கக்கூடாது என்பது கணக்கு. 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். எனக்குப் பஞ்சு அடைப்பான் இருந்தது. பக்கத்தில் ஒருவர் தோளில் வைத்திருந்த குழந்தைக்கு ஒன்றும் இல்லை. என்னுடைய உபரிச் சோடியைக் கொடுத்தேன், குழந்தை அதைத் தின்னப் பார்த்தது. பிறகு தகப்பனே பின்னால் கொண்டுபோய்விட்டார்.

அங்கிருந்து நகர்த்தியது மருமகள். "மாமி, பின்னுக்கு மிக்சர் மேசைக்குப் பக்கத்துல போவம். சவுண்ட் அண்ணா அங்க நிண்டுதான் சமன் பண்ணுறார், ஆகத் திறமா கேக்கிறது அங்கதான்." உண்மை. மேடையிலிருந்து தள்ளி, கூட்டத்தின் நடுவே தகரக் கம்பித் தடுப்புக்குள் ஒரு மேசை. அந்தத் தடுப்பு சரியாக என் இடுப்பு உயரம். இரண்டு முழங்கையையும் ஊன்றி, பாரத்தை அதில் இறக்கி, இடது காலைக் கீழ்க்கம்பியில் தூக்கி வைத்தேன். ஒரு காலை உயர்த்தினால் இடுப்பின் வளைவு குறைந்து நரம்பு கொஞ்சம் மூச்சு விடும். இந்த 0 ரூபா இடம் 5000 ரூபா இடத்தைவிட எல்லா வகையிலும் நன்றாக இருந்தது. பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டது. சவுண்ட் அண்ணா ஒருதரம் திரும்பிப் பார்த்து, தடுப்பில் சாய்ந்திருந்த பொடியனிடம், "டேய், அன்ரிக்கு இடம் விடு" என்றார். அதோடு திரும்பிக்கொண்டார்.

அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நடுவில் எங்கள் பழைய பொப் பாட்டுக் காலத்துக்கு மரியாதையாக ஒரு சுற்று. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பாடினவை. எனக்குப் பின்னால் நின்ற ஒரு தாத்தா சாரத்தை மடித்துக் கட்டினதைக் கண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன். நினைத்தது சரிதான், ஆடத் தொடங்கிவிட்டார். மூட்டு அவருக்கும் நல்ல நிலையில் இருக்க நியாயமில்லை.

பிறகு தண்ணீர் குடித்ததன் பலன். பெண்களுக்கான மலசலகூட வரிசை மேடைக்குப் பின்பக்கம், மதிலுக்கு அந்தப்புறம். இத்தனை ஆயிரம் சனத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பெட்டிகள்தான் வைத்திருந்தார்கள். இதைத் திட்டமிட்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வரிசை நகரவில்லை. அப்போதுதான் அந்தப் பாட்டு தொடங்கியது. எது என்று கேட்காதீர்கள், இந்தக் குழுவில் எனக்கு ஒரு பாட்டு என்றால் அதுதான். ரயில் ஏறினதே அதற்குத்தான்.

மதில் இருந்ததால் குரல் வரவில்லை. மெல்லிய, கூர்மையான சத்தங்களை மதில் மறித்துவிடும், கனத்த சத்தம் வளைந்து வந்துவிடும். எனக்குக் கிடைத்தது பேஸ் கிற்றாரும், மத்தளத்தின் தொப்பி என்கிற கனத்த சத்தமுள்ள இடப்பக்கமும் மட்டும். நிலத்திலிருந்து குதிக்கால் வழியாக ஏறி, நோகிற அதே காலுக்குள் அடித்தது. வரிசையில் எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு அம்மா, காத்தான்குடிக்காரர் என்று பிறகு சொன்னார், கவியின் முதல் அடியைச் சும்மா வாய்க்குள் பாடினார். பின்னால் இருந்த இரண்டு பெட்டைகள் இரண்டாம் அடியை எடுத்தார்கள். அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பிடித்துக்கொண்டது. மேடையில் பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் சொற்கள் பேஸுக்கு முந்தியும் பிந்தியும் போயின. காத்தான்குடி அம்மா பாடின மூன்றாம் அடி ஒலிப்பதிவில் உள்ளது அல்ல. அவர்கள் ஊரில் பாடுகிற மாதிரி. கேட்டேன். "எங்கட உம்மா இப்படித்தான்கா பாடுவா" என்றார். குழு பாடுகிறதைவிட அது நல்லாக இருந்தது என்று எழுதினால் அடி விழும், ஆனாலும் எழுதுகிறேன்.

என் முறை வந்தபோது பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது.

வெளியே போகிற வாசல் ஒன்றுதான். உள்ளே வரும்போது திறந்திருந்த மற்ற வாசலை ஏனோ பூட்டிவிட்டார்கள். கூட்டம் ஒடுங்குகிற இடத்தில் முன்னால் உள்ளவருக்கு நடக்கத் தெரியும், பின்னால் உள்ளவருக்குத் தள்ளத்தான் தெரியும். நெஞ்சுக்கு முன்னால் கையை மடக்கி வைக்க இடமில்லாமல் போனால் அது ஆபத்தான நெருக்கம், அதற்குள் போகவே கூடாது. நாங்கள் போகவில்லை. மிக்சர் மேசைக்கே திரும்பி வந்து வயர் சுருட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து வாசலால் மாடு போகலாம் போல இடம் கிடந்தது. ஓட்டோக்காரர் ராக் காசு கேட்டார், பிறகு என் நடையைப் பார்த்துக் குறைத்தார்.

குளிசை போட்டு ஒரு மணி நேரமாகிறது. சுண்டுவிரல் இன்னும் விறைப்பு.

ஞாயிறு: பாசிக்குடா

பத்து மணிக்குத்தான் எழும்பினேன். எழும்பினேன் என்பதே பெரிய சொல். கட்டிலில் பக்கவாட்டாகத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி நிமிர்ந்தேன். தும்மல் வந்தது, முழங்கால் வரை மின்னல். மச்சாள் ஒன்றும் சொல்லாமல் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சொல்லாமை கொஞ்சம் உறைத்தது.

பின்னேரம் தம்பி பாசிக்குடாவுக்குக் கூட்டிப் போனான். கடல் அங்கே வெகுதூரத்துக்கு இடுப்பளவுதான். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மிதந்தேன். தண்ணீர் உடம்பின் பாரத்தை வாங்கிக்கொண்டது, இரண்டு நாளில் முதல் தடவையாகக் கால் அமைதியானது. கரையேறினதும் திரும்ப வந்துவிட்டது. சட்டித் தயிரும் பாணியும் வாங்கிச் சாப்பிட்டோம், நின்றபடி.

மருமகள் அந்தப் பாட்டைப் போனில் பிடித்து வைத்திருக்கிறாள். நான் வரிசைக்குப் போனதும் மிக்சர் மேசையிலிருந்து எடுத்தது. போட்டுக் காட்டினாள். படத்தில் யாரோ ஒருவரின் தொப்பிதான் முக்கால்வாசி, சத்தம் சுத்தமாக இருக்கிறது. காத்தான்குடி அம்மாவின் மூன்றாம் அடியை நான் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். அவளுக்கு ஒப்படைக்கு உதவுமாம். யாருடைய பாடம் என்று எழுதுவது என்று கேட்டாள். பெயர் கேட்டு வைக்கவில்லையே. "மலசலகூட வரிசை" என்று போடச் சொன்னேன். போட மாட்டாள்.

திங்கள்: ரயிலில்

நடைபாதை ஓர இருக்கை, கதவுக்குப் பக்கத்தில். துவாய், பெல்ட், மச்சாள் கட்டித் தந்த சோற்றுப் பொதி. ஏறும்போது மச்சாள் கேட்டார்: "மறுகா எப்ப வருவீங்க?" "சுகமானதும்" என்றேன். "சுகமாகி வந்தா இஞ்ச என்ன செய்வீங்க, சுகமில்லாம வந்தாலே நிக்க மாட்டீங்க" என்றார். மட்டக்களப்பில் பகிடியையும் பேச்சையும் பிரித்து அறிய இன்னும் பழகவில்லை.

வெலிக்கந்தை தாண்டும்போது மருமகளின் செய்தி வந்தது. அதே குழு அடுத்த மாதம் அக்கரைப்பற்றிலாம். கல்முனை தாண்டிப் போகவேண்டும், ரயிலுக்குப் பிறகு பஸ். திறந்த வெளி, எல்லாருக்கும் ஒரே டிக்கெட், கதிரையே போடமாட்டார்களாம். இரண்டு எடுத்து வை என்று பதில் போட்டேன். மிக்சர் மேசை எந்தப் பக்கம் வரும் என்று விசாரிக்கவும் சொல்லியிருக்கிறேன்.